விடுதிக்குப் பதிவேடு உண்டு, வைஃபைக்கு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் கூட்டத்தைப் பெரிய தங்கும் விடுதிகள் மட்டுமே தாங்கிவிட முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டியும், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும், குடியிருப்பு வீடுகளே அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்படுகின்றன. மாடியில் யாத்ரீகர்கள், கீழே வீட்டுக்காரர் குடும்பம், இரு தரப்புக்கும் ஒரே வைஃபை என்பது இங்கே சகஜம். வந்து தங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏறுகின்றன. அடையாள அட்டையின் நகல் வாங்கி வைக்கப்படுகிறது. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால், அந்த வீட்டு வைஃபையில் இந்த நிமிடம் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன, அவை எவை, யாருடையவை என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய வீட்டுக்காரர் அரிது. அறையையும் இணையத்தையும் சேர்த்தே முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் ஓர் ஊரில், இணைந்துள்ள ஒவ்வொரு கருவியையும் அறிந்திருப்பது வீட்டுக்காரர் தன் விருந்தினருக்குச் செய்ய வேண்டிய கடமை. அந்தக் கடமையைச் செய்வது எளிது. செய்யாமல் விட்டால் வரும் கேடு பெரிது.

இந்த அறியாமைக்குக் காரணம் வீட்டுக்காரரின் அலட்சியம் மட்டுமல்ல; இணையம் வீட்டுக்குள் வரும் விதமே அப்படித்தான் இருக்கிறது. கேபிள் ஆபரேட்டரின் ஆள் ஃபைபர் கம்பியை இழுத்து, சுவரில் பெட்டியை மாட்டி, பெரும்பாலும் வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போகிறார். சில மாதம் கழித்து வரும் சிசிடிவி பொருத்துநர், பதிவுப் பெட்டியை அதே ரூட்டரில் சொருகி, போனில் செயலியை இறக்கிக் காட்டுகிறார். பிறகு ஸ்மார்ட் டிவி வருகிறது. மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று இன்னொரு வைஃபை பெட்டி வருகிறது. வாசலுக்குக் கேமரா வைத்த மணியும், போனிலிருந்தே அணைக்கக்கூடிய பிளக்கும் வருகின்றன. இணைத்தவர்கள் போய்விடுகிறார்கள், இணைந்தவை தங்கிவிடுகின்றன. அறைச் சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டு ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை. ஒருமுறை அதைத் தட்டச்சு செய்த போன் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து அதன் உரிமையாளர் அந்தத் தெரு வழியே நடந்தாலும், கேட்காமலே உள்ளே நுழைந்துவிடும்.

இதனால் முதலில் பாதிக்கப்படக்கூடியவர் அறையில் தங்குபவர். ராமேஸ்வரத்தில் 2024 டிசம்பரில், அக்னி தீர்த்தத்தில் நீராடிய பெண்கள் உடை மாற்றும் தனியார் அறை ஒன்றில் மறைத்து வைக்கப்பட்ட கேமரா கண்டுபிடிக்கப்பட்டுக் கைது நடவடிக்கை வரை போனது. சென்னை ஆதம்பாக்கத்தில் 2018 டிசம்பரில், பெண்கள் தங்கியிருந்த விடுதியில் ரகசியக் கேமராக்களைப் பொருத்தியதாக அதை நடத்தியவரே கைதானார். அங்கே தங்கியிருந்த பெண்கள் கைப்பேசிச் செயலி ஒன்றின் உதவியோடுதான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் பரவின. முதல் இரண்டில் வைத்தவரின் நோக்கமே குற்றம். மூன்றாவதில் பாதுகாப்புக்கு என்று வைத்த கேமராவே வெளியாட்கள் கையில் கண்ணாகிவிட்டது. சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவும் இத்தகைய படப்பதிவைத் தண்டிக்கிறது. இவை எல்லாம் நடந்த பிறகு வேலை செய்பவை. ஒரு முறை வெளியே போன காட்சியை எந்தத் தண்டனையும் திரும்ப உள்ளே கொண்டுவராது.

விருந்தினரே தன் போனில் ஒரு செயலியை வைத்துச் சோதித்துக்கொள்ளலாமே என்ற யோசனை நியாயமாகத் தோன்றும். ஆனால், ஒழுங்காக அமைத்த விடுதி வைஃபையில் விருந்தினர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அங்கே எந்தச் செயலியை ஓட்டினாலும் தன் போனும் ரூட்டரும் மட்டுமே தெரியும். வலையமைப்பு எவ்வளவு பாதுகாப்பானதோ, அவ்வளவுக்கு விருந்தினரின் பார்வை குறுகும். முழுப் பட்டியலும் தெரியும் இடம் ரூட்டரின் நிர்வாகப் பக்கம் ஒன்றுதான். அதன் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஆகவே பொறுப்பும் அவருடையதே. வாடகை அறைகளுக்கான சர்வதேசத் தளமான ஏர்பிஎன்பி, வீட்டுக்குள் கேமரா வைப்பதை 2024 ஏப்ரல் 30 முதல் உலகெங்கும் தடை செய்தது. வெளியே வைத்த கேமராக்களை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றது. ஒரு தனியார் நிறுவனம் தன் தளத்தில் பதிந்த வீட்டுக்காரர்களிடம் கேட்கும் ஒழுக்கத்தை, ஒரு புண்ணியத் தலம் தன்னை நாடி வருபவர்களுக்குத் தானாகவே தரவேண்டும்.

இரண்டாவதாகப் பாதிக்கப்படக்கூடியவர் வீட்டுக்காரரே. வெளியுலகின் கண்ணுக்கு ஒரு வீட்டு வைஃபையில் உள்ள அத்தனை கருவிகளும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். அந்த முகவரி இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருடையது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. காவல்துறை அதன் தடத்தைப் பின்தொடர்ந்து போய் நின்றது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். பாதுகாப்பின்றி இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லிக் குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலும் மும்பையில் இன்னொருவரின் வைஃபை வழியாகவே போயிருந்தது. இதையடுத்து 2009-ல் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. குற்றமற்றவர் என்று பின்னர் தெளிவாகலாம். அதற்குள் விசாரணை, கணினி பறிமுதல், அக்கம்பக்கத்தாரின் பேச்சு என்று ஒரு குடும்பம் படும் பாடு கொஞ்சமல்ல. தன் வலையமைப்பில் யார் இருந்தார்கள் என்று காட்ட முடிந்தவருக்கு அந்த வேளையில் கையில் ஒரு சான்று இருக்கும்.

மூன்றாவது கேடு ஊருக்கும் உலகுக்கும். 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல் வீட்டு ரூட்டர்களையும் கேமராக்களையும் சிசிடிவி பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்து அடிமையாக்கியது. அதற்கு அபாரத் திறமை ஏதும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்குச் சற்று மேல் அதன் கையில் இருந்தன, அவ்வளவுதான். அந்த அடிமைக் கருவிகளைக் கொண்டு அக்டோபர் 21 அன்று இணையதள முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் சேவை தரும் ‘டின்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. அடுத்த ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீநிரலால் முடங்கின. பாதிக்கப்பட்டவை மாற்றப்படாத பாஸ்வேர்டு கொண்டவை. நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒரே வரி: பாஸ்வேர்டை மாற்றுங்கள். நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி, எங்கோ உள்ள ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். மின் கட்டணத்திலும் தெரியாது, டிவி படத்திலும் தெரியாது.

கண்டுபிடிப்பது எப்படி? முதல் வழி ரூட்டரையே கேட்பது. வீட்டு வைஃபையில் இணைந்த போனில் அல்லது கணினியில் உலாவியைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தால் பல நிறுவனங்களின் பெட்டிகளில் நிர்வாகப் பக்கம் திறக்கும். ஜியோ ஃபைபரில் 192.168.29.1. பயனர்பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும்; அங்கே இல்லையென்றால் பொருத்தியவரிடம் கேட்டு வாங்க வேண்டும். உள்ளே ‘இணைந்த கருவிகள்’ என்றோ ‘டிஹெச்சிபி பட்டியல்’ என்றோ ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. வரியில் ஒரு பெயர், ரூட்டர் அதற்குத் தந்த எண், கருவியின் மேக் முகவரி. மேக் முகவரி என்பது பன்னிரண்டு இலக்கங்களும் எழுத்துகளும் கொண்ட அடையாளம்; முதல் ஆறு, தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். பெயர் புரியாவிட்டாலும் இந்த ஆறை வைத்து அது சாம்சங்கா, டிபி-லிங்க்கா, கேமரா தயாரிக்கும் ஹிக்விஷனா என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிடலாம். ‘இஎஸ்பி’ என்று தொடங்கும் பெயர் தென்பட்டால் அது அநேகமாக ஸ்மார்ட் பிளக், பல்பு போன்றது. அவற்றுக்குள் இருக்கும் எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் சிப் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

இரண்டாவது வழி, ‘ஃபிங்’ போன்ற இலவசச் செயலி. கணினி பழகியவர்களுக்கு 1997-லிருந்து புழங்கும் ‘என்மேப்’. இவை வீட்டு வலையமைப்பின் வழக்கமான 254 எண்களையும் ஒவ்வொன்றாக ‘இந்த எண்ணுக்குரியவர் யார்’ என்று கேட்கும். சாதாரண அழைப்புக்கு வாய் திறக்காதபடி அமைத்த கருவிகள்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். சொல்லாவிட்டால் அந்த வலையமைப்பில் அவை பிறரோடு பேசவே முடியாது. இரண்டு வழிகளிலும் கிடைத்த பட்டியலை ஒரு தாளில் எழுதி, தெரிந்த கருவிக்கு நேரே வீட்டில் அது இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். புரியாத வரி மிச்சமிருந்தால், வீட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்துப் பார்க்கலாம்; எதை அணைத்தபோது எந்த வரி மறைகிறது என்பதே விடை. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு வரி நிற்கிறது என்றால் அது அநேகமாக வீட்டாருக்குத் தெரியாத கருவி. அப்போதும், யாருடையது என்று கண்டறிய முடியாத நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே: வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டு இல்லாமலே இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்து, ஒவ்வொரு கருவியையும் அறிந்தே மீண்டும் சேர்ப்பது. கம்பி வழியே சொருகியவற்றை இது வெளியேற்றாது. ஆகவே ரூட்டரின் பின்புறம் உள்ள ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று கையால் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பட்டியல் முழுமையானதல்ல என்று தொழில்நுட்பம் அறிந்தவர்கள் சொல்வார்கள்; அவர்கள் சொல்வது சரிதான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி போன்கள் தங்கள் அசல் மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. தூங்கும் நிலையில் உள்ள கருவி அந்த நேரத்தில் தென்படாது. சிசிடிவி பதிவுப் பெட்டியின் பின்னாலேயே நேரடியாகச் சொருகிய கேமராக்களை ரூட்டர் பார்க்காது. அதற்குப் பெட்டி மட்டுமே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெமரி கார்டில் பதியும் கேமராவும் சொந்த சிம் கார்டில் இயங்கும் கேமராவும் வீட்டு வைஃபையைத் தொடுவதே இல்லை. ஆனால், இந்தக் குறைகளில் முக்கால்வாசி கையாளக்கூடியவை. புனைமுகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாகவே இருக்கும் என்பதால் அதை அடையாளம் காண முடியும்; வழக்கமாக ஒரே வைஃபையில் அந்த போன் அதே முகவரியோடுதான் திரும்ப வரும். வெவ்வேறு நேரத்தில், ஓர் இரவிலும் ஒரு பகலிலும் பார்த்தால் தூங்கும் கருவிகள் சிக்கும். பதிவுப் பெட்டியின் திரையைத் திறந்தால் அதன் கேமராக்களை எண்ணிவிடலாம். வைஃபையைத் தொடாத கேமராவுக்குக் கண்ணால் பார்க்கும் சோதனைதான் வழி: புகை உணர்கருவி, கடிகாரம், சார்ஜர், கண்ணாடி, மின் பலகை என்று அறையைத் தடவிப் பார்ப்பது. பட்டியல் அந்தச் சோதனைக்கு மாற்று ஆகாது. எங்கே தேட வேண்டியதில்லை என்று சொல்லி அதன் சுமையைக் குறைக்கும். எல்லாத் திருட்டையும் தடுக்காது என்பதற்காக யாரும் கதவைப் பூட்டாமல் விடுவதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விருந்தினரின் கருவிகளைப் பட்டியலிடுவதே ஒரு கண்காணிப்பு ஆகிவிடாதா? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன நாட்டில் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது. பதில், வலையமைப்பைப் பிரிப்பதில் இருக்கிறது. இப்போது விற்கும் ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் ‘விருந்தினர் வைஃபை’ என்று தனியாக ஒன்றை அமைக்கும் வசதி உண்டு. வீட்டுக்காரரின் கேமரா, டிவி, கணினி ஒரு பக்கம். வந்து போகிறவர்களின் போன்கள் மறுபக்கம். வரி வரியாகப் பெயர் சொல்லிக் கணக்கில் வைக்க வேண்டியது முதல் பக்கம். அங்கே விருந்தினர் எவரும் இல்லை. மறுபக்கத்துக்கு அடிக்கடி மாறும் பாஸ்வேர்டு போதும். விருந்தினர் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பது வீட்டுக்காரருக்குத் தேவையில்லாத தகவல், அதைத் தேடவும் கூடாது. கருவிகளின் பட்டியல் வேறு, மனிதரின் நடவடிக்கைப் பட்டியல் வேறு. முதலாவது விருந்தினரைக் காக்கிறது. இரண்டாவது அவரை வேவு பார்க்கிறது. இந்த எல்லையைத் தாண்டாத வரை அந்தரங்கத்தின் பெயரால் கணக்கெடுப்பை மறுக்க முடியாது. அந்தரங்கத்துக்காகவே அது தேவைப்படுகிறது.

பொறுப்பை ஏன் சாமானியர் தலையில் கட்ட வேண்டும், அதைத் தயாரிப்பாளரும் அரசும் அல்லவா சுமக்க வேண்டும் என்பாரும் உண்டு. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டவிரோதமாக்கியது. கலிபோர்னியாவில் 2020 முதலே அப்படியொரு சட்டம் நடப்பில் உள்ளது. இந்தியாவிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் முதல் கட்டாயமானது. தீநிரல் தொற்றிய கருவிகளைச் சுத்தம் செய்ய இலவச மென்பொருள்கள் தரும் சைபர் ஸ்வச்சதா மையத்தை மத்திய அரசு 2017-லேயே தொடங்கியது. ஆனால், இந்தச் சட்டங்கள் இனி விற்பவற்றுக்கே. ஏற்கெனவே சுவரில் மாட்டிய பெட்டிகள் இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எந்த அரசு அலுவலரும் ஒரு வீட்டின் ரூட்டர் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போவதில்லை, பார்க்கவும் கூடாது. வீட்டுக்குள் இருப்பதை வீட்டார்தான் எண்ண முடியும்.

அதற்காக ஒவ்வொருவரும் தனியே தடுமாற வேண்டியதில்லை; ஊர் கூடிச் செய்யக்கூடியவை இருக்கின்றன. 2024-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த திருவண்ணாமலை, வாடகை அறைகளுக்கு உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் மூன்று கேள்விகளைச் சேர்க்கலாம்: கேமராக்கள் எங்கெங்கே எத்தனை உள்ளன, விருந்தினர் வைஃபை தனியாக இருக்கிறதா, இணைந்த கருவிகளின் பட்டியல் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? கேமரா இருக்கும் இடங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அறையில் எழுதி ஒட்டச் சொல்லலாம். ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வரும் கூட்டத்தை நினைத்தால் தெலுங்கு இல்லாத அறிவிப்பு பாதி அறிவிப்புதான். இணைப்புத் தரும் கேபிள் ஆபரேட்டர்கள், நிர்வாகப் பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே மாற்றவைத்து, கருவிகளின் பட்டியல் இருக்கும் பக்கத்தை ஒருமுறை திறந்து காட்டிவிட்டுப் போவதை வழக்கமாக்கலாம். பத்து நிமிட வேலை. இங்குள்ள கலை, பொறியியல் கல்லூரிகளின் கணினி மாணவர்கள், கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரங்களில் கேட்கும் வீடுகளுக்குப் போய், வீட்டுக்காரர் முன்னிலையில், அவர் கையாலேயே பட்டியலை எடுக்க உதவலாம். சந்தேகத்துக்குரிய கேமரா தென்பட்டால் அதைப் பிடுங்காமல், கலைக்காமல் காவல் நிலையத்துக்கோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ சொல்ல வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுவது, விருந்தினருக்குத் தனி வைஃபை தருவது, மாதம் ஒருமுறை பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் பெயர் சொல்வது ஆகிய மூன்றும் வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அண்ணாமலையாரை நம்பிக் குடும்பத்தோடு வந்து, முன்பின் அறியாத வீட்டில் உடை மாற்றி உறங்கும் பெண்கள், அந்த வீட்டுக்காரரையும் சேர்த்தே நம்புகிறார்கள். இந்த மூன்றையும் செய்யாத விடுதி, ‘இலவச வைஃபை’ என்று வாசலில் பலகை வைக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.